நிலவறையில் ஒரு சமுத்திரம்

சிகாகோ

அன்புள்ள மாமா அவர்களுக்கு,



தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்த தங்கள் மருமான், வாளியில் அடைத்த உப்பை விலைக்கு வாங்கி, சுத்தம்செய்த நீரில் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வரும்வரை கலக்கி, மீன் வளர்க்கக் கூடத்தில் ஒரு கடலை ஸ்தாபித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால் தாங்கள் சிரிப்பீர்கள். ஆனால் இவ்வூருக்கு இந்தப் பைத்தியம் புதிதன்று. 1930-இல் இங்கே ஷெட் மீன் காட்சிசாலை தோன்றியபோது, ஃபுளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து பத்து லட்சம் காலன் கடல்நீரை ரயில் டாங்கிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி அலையடிக்கிறது. என்ன பிரயோஜனம், அது நன்னீர்!

நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட கூடத்துத் தொட்டி பார்வைக்கு மட்டுமே. அதிலிருந்து வழியும் நீர் குழாய் வழியாக நிலவறையிலுள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கி, அங்கே ஸ்கிம்மர் என்னும் யந்திரம் நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுத்தபின், பம்பின் தயவால் மீண்டும் மேலேறுகிறது. இந்தச் சம்ப் எவ்வளவு கொள்ளும் என்பதையே வியாபாரிகள் பிரஸ்தாபிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கேட்கவேண்டியது, அதில் எவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்கும் என்பதுதான். மின்சாரம் நின்றால் பம்பு ஓய்ந்துவிடும். ஆனால் குழாய்களில் நிற்கும் நீரும், மேலே நீரைக் கொண்டுவிடும் குழாயின் வாய் எவ்வளவு ஆழம் முழுகியிருக்கிறதோ அவ்வளவு ஆழத்து நீரும் கீழே இறங்கியே தீரும். என் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ 19 லிட்டர். நீர்மட்டத்தையொட்டிக் குழாயில் சிறு துளையிட்டுக் காற்றுப் புகச்செய்து அந்த இறக்கத்தை நிறுத்துவது சம்பிரதாயம். எனினும் நத்தையொன்று அத்துளையின்மீது நித்திரை செய்யத் தலைப்பட்டால் சாஸ்திரம் பலிக்காதாகையால், நத்தையின் நல்லெண்ணத்தைவிடக் காலியிடத்தை நம்புவதே விவேகம். மின்வெட்டோடு வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கும். இவ்வூர்க்காரர்களுக்கு ஒரு புயல் வந்து போதிக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே, சம்புக்கென்றே தடுப்புகள் வைத்துச் செய்த அக்ரிலிக் தொட்டிகளின் விலையைக் கேட்டுத் தெளிந்தபின், விவசாயப் பண்டங்கள் விற்கும் கடைக்குச் சென்று, கால்நடைகள் தண்ணீர் குடிப்பதற்கென்று செய்த, 100 காலன், அதாவது சுமார் 378 லிட்டர் கொள்ளும் கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டியைத் தேர்ந்தேன். அருகே பளபளத்த துத்தநாகப் பூச்சுத் தொட்டியே நீடித்து உழைக்கும் என்றார் கடைக்காரர். உப்புநீரில் துத்தநாகம் கரைந்தால் பவளங்களும் இறால்களும் பரலோகம் சேரும் என்பதை நான் விளக்குமுன், வீட்டில் எத்தனை மாடுகள் என்று விசாரித்தார். “கோமாளி மீன் இரண்டு” என்றேன். அதன்பின் அவர் விலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

பம்புப் பெட்டியின்மேல் அச்சிட்ட பிரவாகக் கணக்கு, உயரமே இல்லாத இடத்துக்கு உரியது. எங்கள் கூடமோ 11 அடி மேலே. சர்க்கார் ஒதுக்கிய தொகை கிராமத்து வாய்க்காலை எட்டுவதுபோலத்தான் நீர் வந்துசேருகிறது.

இப்போதைய விசேஷம் ஈரம். தொட்டியிலிருந்து தினந்தோறும் ஆவியாகும் நீர் நிலவறைச் சுவர்களை நனைப்பதால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் யந்திரம் ஒன்று வாங்கியாயிற்று. அது சேகரிக்கும் நீரைத் தொட்டியில் விடலாமென்றால், யந்திரத்தின் செப்புக் குழாய்களைத் தொட்டு வந்த நீர் பவளத்துக்கு ஆகாதென்கிறார்கள். ஆகையால் ஒரு யந்திரம் சேர்த்த நீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மற்றொரு யந்திரத்தால் குழாய்நீரைச் சுத்திகரித்துத் தொட்டிக்கு ஈடுசெய்கிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டையும் இத்துடன் அனுப்ப எண்ணியிருந்தேன். அம்மாவின் கண்ணில் படுமென்பதால் அனுப்பவில்லை.

தங்கள் அன்புள்ள மருமான்