செஞோர் சுப்பையா எழுதுவது

மாட்ரிட்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பாடு, குளிர், இருமல் எல்லாம் பரவாயில்லை. “பார்சல்ல அனுப்புநரும் நான், பெறுநரும் நானாடா?” என்று கேட்டிருந்தாய். அது இந்த ஊர்ச் சட்டம்.

ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது. இனிஷியலோடு வளர்ந்தவன் எங்கே போவேன்? பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய அப்பா பேர் முதல் கட்டத்தில். இரண்டாவதில் உன்னை உட்கார வைத்தேன். முருகன் சுப்பையா செல்லம்மாள்! இரண்டு ‘எல்’ சேர்ந்தால் இவர்களுக்கு ‘ய’. அதனால் நீ இங்கே செயம்மால். பல் டாக்டர் வாசலில் “செஞோர் சுப்பையா!” என்று கூப்பிட்டால், அப்பா வந்துவிட்டாரோ என்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்கிறேன். அவரிடம் சொல்லாதே: கல்யாணம் ஆனாலும் இங்கே பெண்கள் பேரை மாற்றுவதில்லை. பெற்றோர் ஒத்துக்கொண்டால் அம்மா பேரையே முன்னால் வைக்கலாம் என்று 1999-லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் பக்கத்துப் பெர்னாண்டஸ், ரோட்ரிக்ஸ் எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன பேர்கள்தானே. கடைசி ‘எஸ்’ஸுக்கு மகன் என்று அர்த்தமாம், பெர்னாண்டோ மகன், ரோட்ரிகோ மகன். இங்கே எழுத்தில் அது ‘ez’. நாம் தலையில் வைப்பதை இவர்கள் வாலில் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இவர்களுடையது எந்தத் தலைமுறையிலோ உறைந்துவிட்டது. அந்தப் பெர்னாண்டோ யாரென்று எவனுக்கும் தெரியாது. நம் இனிஷியலுக்காவது ஆள் வீட்டில் இருக்கிறார். இங்கே பிறந்திருந்தால் நான் சுப்பையேஸ்.

நம் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் இருந்த யூதர்கள், காஸ்தியேல் குடும்பத்தைப் பற்றித் தாத்தா சொல்வாரே, அந்தப் பேரின் ஊருக்கு நடுவில்தான் குடியிருக்கிறேன். காஸ்தீல், கோட்டைகளின் நாடு. 1492-இல் ராஜாவும் ராணியும் யூதர்களை விரட்டினார்கள். 1568-இல் கொச்சி ராஜா அங்கே வந்துசேர்ந்த யூதர்களுக்கு அரண்மனையை ஒட்டி இடம் கொடுக்க, பரதேசி ஜெபாலயத்தைக் கட்டியவர்களில் காஸ்தியேல் பேரும் இருக்கிறது. விரட்டிய ஊரின் பேரை விடாமல் சுமந்திருக்கிறார்கள். நான் யாரும் விரட்டாமலே வந்தவன். எனக்கு ஊர்ப் பேரும் இல்லை. அந்த இரண்டாவது கட்டத்தில் மட்டாஞ்சேரி என்று போட்டிருக்கலாம். நீ கோபித்துக்கொள்வாய்.

ஆபீசில் ஒரு செவில்லாக்காரன், எங்கள் குவாதல்கிவிர் மாதிரி ஆறு உண்டா என்று பீற்றிக்கொண்டான். அது அரபுப் பேர், பெரிய ஆறு என்று அர்த்தம். எங்கள் ஆலுவாவிலும் ஒரு பெரியாறு ஓடுகிறது, தமிழிலேயே ஓடுகிறது என்றேன். கரையோரச் சிவராத்திரி மணப்புறம் வரை வர்ணித்தேன். பாவம், அவன் காபி ஆறிவிட்டது.

உன் ஆதார் அட்டையில் செல்லம்மாளுக்கு ‘எம்’ ஒன்றா இரண்டா? போட்டோ எடுத்து அனுப்பு. பார்சலில் இரண்டு போட்டேன், வங்கியில் ஒன்று. அதைச் சரிசெய்ய ஒரு மனு கொடுக்க வேண்டுமாம்.

அன்புடன்,
மு. சு. செ.