தூக்குவாளியும் மைசூர்பாகும்

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் தெரு ஸ்வீட் ஸ்டாலில் அரைக் கிலோ மைசூர்பாகு கேட்டேன். முதலில் ஒரு பட்டர் பேப்பர். அது உட்கார பிளாஸ்டிக் தட்டு, தட்டு நுழைய ஜிகினா அட்டைப்பெட்டி, பெட்டிக்கு மேல் ரிப்பன். எல்லாவற்றுக்கும் மேலே, துணிபோல வேஷம் கட்டிய ஒரு பை. தொட்டால் துணி, பிறப்பில் பாலிப்ரொப்பிலீன்.

“அண்ணாச்சி, தூக்குவாளி கொண்டாந்திருக்கேன், இதுல போடுங்க” என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். “சம்பந்தி வீட்டுக்குன்னீங்களே சார்?” வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. (மஞ்சப்பையோடு பஸ் இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்ததும் நாம்தான்.) சிறு கடைக்காரர்களுக்குப் பசுமைப் பாடம் எடுக்கக் கூட்டம் போடுகிறார்கள். மேடையில் ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில், கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்து.

அண்ணாச்சியும் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர்தான். “பெட்டி வேண்டாம்னா பத்து ரூபா தள்ளுபடின்னு போர்டு வெச்சேன் சார். மூணு நாள்ல ரெண்டே பேர் விசாரிச்சாங்க. ரெண்டு பேருக்கும் தள்ளுபடியும் வேணுமாம், பெட்டியும் வேணுமாம்.”

அந்த போர்டு இப்போது கல்லாவுக்குப் பின்னால் கிடக்கிறது. அதுவும் ஃப்ளெக்ஸ்தான்.