லேயர்ப் புணர்ச்சி: ஓர் இலக்கண ஆய்வு

ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், 3.0 பதிப்பில். அதற்கு முன் ஒட்டியது ஒட்டியதுதான். ஆனால் இரண்டு லேயர் ஒன்றாகும் முறையைப் பவணந்தி முனிவர் எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே நன்னூலில் வகுத்துவிட்டார் என்பது இவ்வாய்வின் துணிபு. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லாதது ஒன்றே குறை.

கீழே கிடப்பது நிலைமொழி; மேலே வந்து அமர்வது வருமொழி. கண்ட்ரோலோடு ஈ-யைத் தட்டினால் இரண்டும் புணரும். புணர்ந்தபின் நிலைப்பது கீழ் லேயரின் பெயரே. மேலே 'மாப்பிள்ளை', கீழே 'லேயர் 4 காப்பி 2' என்றிருந்தால், அந்த நொடி முதல் மாப்பிள்ளையின் பெயர் 'லேயர் 4 காப்பி 2'. இதை வீட்டோடு மாப்பிள்ளைப் புணர்ச்சி என்பாரும் உளர்.

விகாரம் மூன்றும் பொருந்துமாறு காண்க. படத்தை ஃப்ளாட்டன் செய்தால், வெறுமையாய் விட்ட இடத்தில் வெள்ளை வந்து நிற்கும்: தோன்றல். கண்ணை அணைத்து மறைத்துவைத்த லேயரை, 'தூக்கிவிடட்டுமா' என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டுத் தூக்கிவிடும்: கெடுதல். எழுத்து லேயரைப் படத்தோடு மெர்ஜ் செய்தால் எழுத்து வெறும் புள்ளிக்கூட்டமாகிவிடும்: திரிதல். மூன்றில் கொடியது இதுதான். பார்வைக்குக் ககரம் ககரமாகவே இருக்கும். திருத்தலாமென்று கர்சரைக் கொண்டுபோனால்தான் உயிர் போனது தெரியும்.

சான்று, அடியேன் செய்த பத்துக்கு எட்டு கல்யாண ஃப்ளெக்ஸ். எல்லாவற்றையும் மெர்ஜ் செய்து, சேவ் செய்து, ஃபைலை மூடியாயிற்று. பெண்ணின் தாத்தா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"தம்பி, 'வாழ்த்து கூறும்'னு போட்டிருக்கீங்களே. வன்தொடர்க் குற்றியலுகரம். க் மிகணும்."

"ஐயா, மெர்ஜ் பண்ணிட்டேன்..."

"ஒரு எழுத்துதானே."

பள்ளிக்கூடத்தில் 'பிரித்து எழுதுக' என்றால் இரண்டு மதிப்பெண்ணுக்கு எதையும் பிரிக்கலாம். இங்கே ஹிஸ்டரியில் ஐம்பது படி பின்னே போகலாம், ஃபைலை மூடாத வரைக்கும். மூடியபின் நன்னூலாரே வந்தாலும் பிரியாது.

வேறு வழியின்றிப் புது லேயரில் ஒரு 'க்' அடித்து, இரு சொல்லுக்கும் நடுவே இருந்த சந்தில், பக்கவாட்டில் நசுக்கிச் செருகினேன். இந்த முறை மெர்ஜ் செய்யவில்லை. ஐயா மறுபடி குனிந்தார்.

"சந்தி சரி. ஆனா வல்லினம் ஏன் தம்பி மெலிஞ்சிருக்கு?"