வீட்டுக்கும் லேப் டிப்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டுக்கு பெயின்ட் அடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வெளிநாட்டு பையர் கொடுத்த பான்டோன் நிற எண்ணுக்கு மாதிரித் துணியில் சாயம் தோய்த்து லேப் டிப் போட்டு, ஏ, பி, சி என்று மூன்று சாயலில் அனுப்பி, “பி பரவாயில்லை, சிவப்பைக் கொஞ்சம் குறை” என்ற பதிலுக்காகக் காத்துக் காத்தே தலை நரைத்தவர் அவர். இப்போது அவரே பையர். விடுவாரா?

பெயின்டர் பட்டி பார்த்த சுவரில் மூன்று கட்டம் அடித்துக் காட்டினார். முதலாளி அதைக் காலையில் பார்த்தார், உச்சி வெயிலில் பார்த்தார், ராத்திரி தெருவிளக்கிலும் பார்த்தார். பகலுக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று லைட் பாக்ஸில் துணியைப் புரட்டிய பழக்கம். ஒரு விளக்கில் ஒத்துப்போகிற நிறம் இன்னொன்றில் பல்லிளிக்கும் என்பது தெரிந்தவர்.

“ஏனப்பா, இந்த ஓரத்துல ஷேடு மாறுதே?”

“அது வேப்பமரத்து நெழலுங்க.”

இந்த ஊரில் யாருடைய அப்ரூவலும் கேட்காமல் சீசனுக்கு ஒரு நிறம் பூசிக்கொண்டது நொய்யல் ஆறு மட்டும்தான். அந்த லாட்டை ரிஜெக்ட் செய்ய, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டு விஷயத்தில் மேல்முறையீடு கிடையாது. முதலாளியின் அம்மா வாசலுக்கு வந்தார். ஷேடு கார்டை வாங்கி விசிறிக்கொண்டே, “மஞ்சளே அடிச்சுருங்க” என்றார்.

எந்த மஞ்சள் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காம்பவுண்டுச் சுவர் மட்டும் அப்ரூவலில் இருக்கிறது.