சாம்பாரைத் தவிர மற்றதெல்லாம்

ஹோட்டல் வைக்க முதல் வேண்டும், இடம் வேண்டும், நல்ல மாஸ்டர் வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். அதெல்லாம் பிறகு. முதலில் வேண்டியது போர்டு. மதுரையில் கடை என்றால் ‘ஒரிஜினல் திண்டுக்கல் பிரியாணி’ என்று எழுதுங்கள். திண்டுக்கல்லில் என்றால் ‘அசல் ஆம்பூர் பிரியாணி’. ஆம்பூரிலேயே கடை போடும் துணிச்சல்காரர் ஹைதராபாத்துக்குப் போய்விடலாம், பெயரில் மட்டும். திண்டுக்கல்லுக்கும் ஆம்பூருக்கும் சீரகச் சம்பா, ஹைதராபாத்துக்குப் பாசுமதி என்கிற பேதமெல்லாம் அடுப்படியில் நிற்பவர் கவலை. போர்டு எழுதுகிறவருக்கு எல்லா அரிசியும் ஒன்றுதான். பக்கத்துக் கடைக்காரர் ‘ஒரிஜினல்’ போட்டுவிட்டாரா? ‘ஒன் அண்ட் ஒன்லி ஒரிஜினல்’ இன்னும் காலியாக இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு ஒரு சலுகை கட்டாயம். இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. மதுரை செல்லூரில் 2021 ஜூலையில் ஒரு கடை, ஐந்து பைசா கொண்டுவந்தால் பிரியாணி என்று அறிவித்தது. ஐந்து பைசா செல்லாக்காசாகி அப்போது பத்து வருஷம். அப்படியும் வீட்டு உண்டியலையெல்லாம் குடைந்து காசோடு முந்நூறு பேருக்குமேல் வந்து நின்றுவிட்டார்கள். கொரோனா காலம் வேறு. கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கணக்குப் பார்க்கிறவர் பழைய காலத்து வியாபாரி. எத்தனை சேனலில் வந்தது என்று பாருங்கள்.

அடுத்து, சாப்பிட்டுக் காட்டும் தம்பியைக் கூப்பிட வேண்டும். கேமராவோடு வருவார். அவருக்கென்று தனி தேக்சாவில் தனி மட்டன் வேகட்டும். எலும்பைப் பிடித்து லேசாக ஆட்டினால் கறி தானாகக் கழன்று விழ வேண்டும். அதற்கு முன்னாலேயே அவர் கண்ணை மூடிவிடுவார். “வேற லெவல்” என்பார். மறுநாள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு சேலத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவருக்கு வழக்கமான தேக்சாவிலிருந்து பரிமாறுங்கள். எலும்பைப் பிடித்து ஆட்டுவார், ஆட்டுவார், ஒன்றும் கழலாது. தவறு தன் கையில்தான் என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது உள்ளே வருவோம். மெனு கார்டு வேண்டாம், கியூஆர் கோடு போதும். மேஜையில் ஒட்டி, அதன்மேல் இரண்டு நாள் சாம்பார் சிந்தவிட்டால் பக்குவத்துக்கு வந்துவிடும். ஒரு பெரியவர் தனியாக வந்து உட்கார்கிறார் என்று வையுங்கள். வேட்டி, தோளில் துண்டு, கையில் பட்டன் போன்.

“என்னப்பா இருக்கு?”

“ஸ்கேன் பண்ணுங்க சார்.”

“என்னத்த பண்ணணும்?”

சப்ளையர் சதுரத்தைக் காட்டுகிறார். பெரியவர் அதை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, “இட்லி இருக்கா?” என்கிறார். சப்ளையர் தன்னுடைய போனை எடுத்து ஸ்கேன் பண்ணி, அது திறக்கிறவரை இரண்டு பேரும் காத்திருந்து, ஒன்பதாம் பக்கத்தில் இட்லியைக் கண்டுபிடித்து, “இருக்கு” என்கிறார். ‘இட்லி, பொங்கல், பூரி, வடை, ரோஸ்ட், ஊத்தப்பம், ரவா தோசைக்குப் பத்து நிமிஷம் ஆகும்’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போகிற பழைய சப்ளையரைவிட இதற்கு நாலு நிமிஷம் கூடுதல். நவீனம் என்றால் நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

ஆன்லைன் ஆர்டர்தான் நம் பாடத்தில் முக்கியமான பகுதி. ஸ்விக்கி 2014-ல் பெங்களூரில் ஆரம்பித்தது. சொமேட்டோ அதற்கும் முந்தியது. 2008-ல் வேறு பெயரில், கடைகளின் மெனு கார்டுகளை இணையத்தில் ஏற்றும் வேலையாகத் தொடங்கியது. இன்று இவற்றில் இல்லாத கடை கடையே இல்லை என்று உங்கள் மருமகன் சொல்வார். கேளுங்கள். பேனாவை மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் எடுக்க வேண்டாம் என்பதற்காக நானே ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பிரியாணி 200 ரூபாய். ‘அதிரடித் தள்ளுபடி’யில் உங்கள் பங்கு 40. மிச்சம் 160. கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 40 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 7 ரூபாய் 20 காசு. ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீத வரி கட்டுகிற கடைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது, ஆகவே அந்த ஏழு ரூபாய் திரும்பி வராது. டப்பா, பை, கரண்டி, டிஷ்யூ எல்லாம் சேர்ந்து 12. கையில் நிற்பது நூறு ரூபாய் எண்பது காசு. கறி, அரிசி, எண்ணெய், கேஸ், வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் இதற்குள். ஆப்பில் உங்கள் கடை மேலே தெரிய வேண்டுமென்றால் அதற்கு விளம்பரக் காசு தனி.

வழியில்லாமல் இல்லை. ஆப்பில் விலையை 260 ஆக்கி அதில் தள்ளுபடி கொடுங்கள், வாங்குகிறவருக்கும் சந்தோஷம். அல்லது இரண்டு பீஸை ஒன்றாக்குங்கள். முட்டை முழுசாக இருக்கிறவரை யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கெட்டிக்காரர்கள் ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு ஐந்து பெயரில் கடை நடத்துகிறார்கள். ‘பாட்டி வீட்டுச் சமையல்’ பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ‘செட்டிநாட்டு ராஜா’வுக்கு மாறுகிறவர், அதே குழம்பைத்தான் சாப்பிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்.

நாமக்கல் ஹோட்டல்காரர்கள் செய்ததை மட்டும் செய்யாதீர்கள். 2025-ல் ஒன்றாக உட்கார்ந்து பேசி, கமிஷன் கட்டுப்படியாகவில்லை, ஜூலை 1 முதல் இந்த ஆப்களில் விற்பதில்லை என்று அறிவித்தார்கள். ஒரே ஊர்க் கடைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப்போல் ஆபத்தான பழக்கம் வேறில்லை.

பார்சல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொதிக்கும் சாம்பாரை பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ‘மஞ்சப்பை கொண்டு வாருங்கள்’ என்று கல்லா அருகே ஒட்டிவிட்டு, அதற்குக் கீழேயே பையைக் கட்டிக் கொடுங்கள்.

ஊழியர் பயிற்சிக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபோஸ்டாக் என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. சமைப்பவர், பரிமாறுபவர் என 25 பேருக்கு ஒருவராவது அதை முடித்திருக்க வேண்டும். யாரையாவது அனுப்பிச் சான்றிதழ் வாங்கி, ஃப்ரேம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பயிற்சி எடுத்தவர் வேலையை விட்டுப் போனாலும் சான்றிதழ் எங்கும் போகாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று அவர் அங்கே கற்றிருப்பார். அதை மாஸ்டரிடம் சொல்வதற்குள் பூரிக்கு எண்ணெய் காய்ந்திருக்கும்.

மற்றவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. நேற்று வந்தவர் இன்று வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பையனுக்கு, ‘எத்தன பேரு’, ‘வேற என்ன வேணும்’, ‘முடிஞ்சிருச்சு’ என்ற மூன்றும் வந்துவிட்டால் தமிழ் போதும். ஆனால் இந்தப் பையன்களிடம் ஒரு தொல்லை இருக்கிறது. சொல்லிக்கொடுக்காததையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆறே மாதத்தில் முறுகலுக்கும் நைஸுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். மூலை மேஜைக்கு வரும் வாத்தியாருக்கு சர்க்கரை இல்லாத காபி, பேங்க் அம்மாவுக்குச் சாம்பாரில் முக்காத வடை என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். இடது கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு, வலது கையில் வாளியோடு, உங்கள் கடையின் ஈரத் தரையில் வழுக்காமல் நடப்பார். பத்துப் பேர் இவருக்காகவே வர ஆரம்பிப்பார்கள். அப்போது வந்து, தினசரி ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பார்.

கொடுத்துவிடாதீர்கள். எதிர்க் கடையில் கொடுப்பார்கள், போகட்டும். கூடவே வாத்தியாரும் பேங்க் அம்மாவும் போவார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர மாதம் முப்பதாயிரத்துக்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கலாம். ஐம்பதை முப்பதால் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறுதானே என்று கேட்கிறவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

இன்னொன்று. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. எல்லோருக்கும் ஜவுளிக்கடைப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். காலை ஆறிலிருந்து வாளியோடு நிற்கிறவரை அதிகம் பேர் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம். டிப்ஸை மட்டும் மறக்காமல் கல்லாவில் போடச் சொல்லுங்கள்.

விமர்சனங்களுக்குப் பதில் எழுத ஒரே வாக்கியம் போதும்: ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக.’ சாம்பாரில் கரப்பான் கிடந்தது என்று ஒருவர் எழுதியிருந்தாலும் இதுவே. மைத்துனர், சகலை, அவர்கள் ஆபீஸ் நண்பர்கள் என்று ஒரே நாளில் நாற்பது பேர் ‘சூப்பர் ஆம்பியன்ஸ்’ எழுதினால் கரப்பான் கீழே போய்விடும்.

இவ்வளவும் செய்து கடை ஓடவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வாஸ்து பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். கல்லாவை வடக்கே பார்த்துத் திருப்பச் சொல்வார், அடுப்பைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொல்வார். பரிமாறுகிறவர் சம்பளத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.