தூசியை உறிஞ்சிய வினைச்சொல்: ஒரு டச்சுப் பதத்தின் பிறப்பாராய்ச்சி

வாக்குவம் கிளீனர் போட்டு வீட்டைச் சுத்தம் செய்வதற்கு டச்சு மொழியில் ‘ஸ்டோஃப்ஸாய்கன்’ என்று பெயர். ஸ்டோஃப், தூசி. ஸாய்கன், உறிஞ்சுதல். நம் புலவர்கள் கையில் கொடுத்திருந்தால், இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

வெறும் ‘ஸாய்கன்’ முரட்டு வினை. இறந்தகாலம் வந்தால் உயிரெழுத்தையே மாற்றிக்கொள்ளும்: ஸோக், கெஸோகன். தூசியோடு கூடியதும் பரம சாது. ‘ஸ்டோஃப்ஸாய்க்டெ’ என்று வாலில் ஒரு ‘டெ’யை ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். தூசி பட்டால் நமக்குத் தும்மல்தான் வரும். ஒரு வினைக்குச் சாந்தம் எப்படி வந்தது?

காரணம் பிறப்பில் இருக்கிறது. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயர், தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை இழுத்து வரும் அந்தப் பூதத்தைத் தெருவில் நிறுத்தி, குழாயை ஜன்னல் வழியே உள்ளே விடுவார்கள். இவ்வகை இயந்திரத்துக்கு டச்சுக்காரர் இட்ட பெயர் ‘ஸ்டோஃப்ஸாய்கர்’, தூசியுறிஞ்சி. வினை அதன் பிறகே பிறந்தது. ஓட்டுவதிலிருந்து ஓட்டுநர் வருவது உலக வழக்கம். இங்கே ஓட்டுநர் முதலில் வந்து, ஓட்டுவதைப் பெற்றெடுத்திருக்கிறார். ஆக, இது ‘ஸாய்கன்’ வினைக்கு மகன் அல்ல, இயந்திரத்தின் வழிவந்த பேரன். பாட்டனின் முரட்டுத்தனம் பேரனுக்குப் பாத்தியமில்லை. சிற்பியைக் குறிக்கும் ‘பேல்ட்ஹௌவர்’ பெற்ற ‘பேல்ட்ஹௌவன்’ வினைக்கும் இதே கதிதான்.

(கக்கூஸையும், ஈழத்தில் கந்தோரையும் நமக்குத் தந்த மொழி இது. சுத்தத்திலும் அலுவலிலும் அவர்கள் விளையாடுவதில்லை.)

இனி கள ஆய்வு. லெய்டன் நகரில் வாடகை அறையில் இருந்தபோது, அறையைச் சுத்தம் செய்தாயா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். இலக்கணத் திமிரில், வினையைப் பிரித்து, முரட்டு இறந்தகாலத்தில், ‘இக் ஸோக் ஸ்டோஃப்’ என்றேன். தூசியை உறிஞ்சினேன், அதாவது நானே, என் வாயால். அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார்.

அன்றே திருத்திக்கொண்டு, ‘கெஸ்டோஃப்ஸாய்க்ட்’ என்று பிழையறச் சொன்னேன். அம்மாள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். இறந்தகாலம் சரி, செயல்தான் இன்னும் நடக்கவில்லை.