சம்பந்தி வைத்தியம்

சம்பந்திகள் சண்டை போடக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. போட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது மகளும் மருமகனும் என்பதால் மரியாதை குறையாமல் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மதுரை அரசரடியில் இந்த இருவரும் அந்தக் கலையில் தேர்ந்தவர்கள். பெண்ணைப் பெற்றவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி சிக்னலில் மணிக்கணக்கில் கிடக்கும்போது பிரேக் வேனில் உட்கார்ந்து போயரிக்கின் மருந்துப் புத்தகத்தைப் படித்துப் படித்தே ஹோமியோபதி கற்றார். பிள்ளையைப் பெற்றவர் அரசுப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். பேத்திக்குச் சளி. கார்டின் மரப்பெட்டி பாயில் திறந்து கிடக்கிறது. பேத்தி அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

வாத்தியார்: அது என்ன பாட்டில், சம்பந்தி?

கார்டு: ஆர்சனிகம் ஆல்பம் 30. பிள்ளைக்கு மூக்கு தண்ணியா ஒழுகுது. நடுராத்திரிக்கு மேல எந்திரிச்சு அழுகுது. அச்சு அசல் ஆர்சனிகம்.

வாத்தியார்: ஆர்சனிக்குன்னா பாஷாணம்.

கார்டு: பாஷாணமேதான். எது நோயைக் கொண்டு வருமோ அதுவே நோயைத் தீர்க்கும். ஹானிமன் 1790-ல் சிங்கோனாப் பட்டையைத் தானே தின்னு பார்த்தார். நல்லா இருந்த உடம்புல மலேரியா மாதிரி குளிரும் காய்ச்சலும் வந்துச்சு. அங்கதான் பிடிச்சார் சூத்திரத்தை.

வாத்தியார்: அந்தப் பட்டையிலேருந்து எடுத்த கொயினாவை அதுக்கப்புறம் ஊர் ஊரா தின்னாங்க. அத்தனை பேருக்குமா காய்ச்சல் வந்துச்சு? அந்த மனுஷனுக்கு ஒத்துக்கலை. சரி, என் பேத்திக்குப் பாஷாணம் எவ்வளவு குடுக்கறதா உத்தேசம்?

கார்டு: பயப்படாதீங்க, வீரியப்படுத்தினது. ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு சாராயமோ தண்ணியோ. அதுலேருந்து ஒரு பங்கை எடுத்து இன்னொரு 99-ல். இப்படி 30 தடவை. சும்மா கலக்கிட்டுப் போனா ஆகாது, ஒவ்வொரு தடவையும் தட்டணும். ஹானிமன் தோல் அட்டை போட்ட புஸ்தகத்து மேல தட்டச் சொன்னார். நான் உருண்டையைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கும்போது ரயில்வே ரூல் புக்குல தட்டுவேன்.

வாத்தியார்: அந்தப் புஸ்தகத்துக்கு அப்படியாவது ஒரு உபயோகம். (பேத்தியின் எல்.கே.ஜி. நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக் கணக்குப் போடுகிறார்) 12 தடவை கரைச்சா 10-இன் 24-ஆம் அடுக்கு. அவகாட்ரோ எண்ணைத் தாண்டியாச்சு. அங்கயே உங்க பாஷாணத்தோட கடைசி மூலக்கூறு மூட்டை கட்டிருச்சு. மிச்சம் 18 தடவையும் தண்ணியைத் தண்ணியில கரைச்சிருக்கீங்க. 30-ல ஒரே ஒரு மூலக்கூறு மாட்டணும்னா எவ்வளவு தண்ணி குடிக்கணும் தெரியுமா? ஏறத்தாழ 15,000 சூரியன் எடைக்கு.

கார்டு: அதுக்குத்தான் உருண்டையில ஏத்திக் குடுக்கறோம். அத்தனை சூரியனை யார் சுமக்கறது?

வாத்தியார்: எதை ஏத்தறீங்கன்னுதானே கேக்கறேன்.

கார்டு: மூலக்கூறு எதுக்கு? தண்ணிக்கு ஞாபகம் இருக்கு. பிரான்ஸ்ல பென்வனிஸ்ட்னு ஒரு விஞ்ஞானி 1988-ல் ‘நேச்சர்’ பத்திரிகையிலயே எழுதினார்.

வாத்தியார்: எழுதினார். கொஞ்ச நாள்ல அந்தப் பத்திரிகையோட ஆசிரியரே அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்னார். கூடவே ஜேம்ஸ் ராண்டிங்கிற மேஜிக்காரர். எந்தக் குழாயில எதுன்னு தெரியாம மறைச்சு வச்சதும் தண்ணிக்கு எல்லாம் மறந்து போச்சு. தண்ணிக்கு ஞாபகம் இருந்தா நம்ம வைகை என்னென்னத்த ஞாபகம் வச்சிருக்கணும்? 2017-ல் அணையில தெர்மாகோல் மிதக்க விட்டாங்களே, ஆவியாகாம இருக்க? அன்னியிலேருந்து மதுரையில ஒருத்தருக்கும் வேர்க்கவே கூடாது.

கார்டு: தெர்மாகோலை யாரும் தட்டலையே, சம்பந்தி. காத்து கரையில தள்ளிருச்சு. அதை விடுங்க. 2020-ல் ஆயுஷ் அமைச்சகமே சிபாரிசு பண்ணின மருந்து இது. நம்ம தெரு பூரா வீடு வீடாக் குடுத்தேன். யாருக்காவது கொரோனா வந்துச்சா?

வாத்தியார்: எனக்கு வந்துச்சு.

கார்டு: நீங்க காப்பி குடிச்சிருப்பீங்க.

வாத்தியார்: குடிச்சேன்.

கார்டு: பாத்தீங்களா.

(இந்த இடத்தில் வாத்தியாருக்கு வாயடைத்துப் போகிறது. யாருக்கும் போகும். குணமானால் மருந்து, ஆகாவிட்டால் காப்பி, பூண்டு, கற்பூரம். முதல் நாள் நோய் கூடினால் அது மருந்து ‘வேலை செய்கிறது’ என்பதற்கு அடையாளம். எந்தப் பக்கம் பந்து விழுந்தாலும் கோல்தான்.)

கார்டு: நம்ம திருமங்கலத்துல அரசாங்கமே ஹோமியோபதி காலேஜ் நடத்துது. ஒண்ணுமில்லாததுக்கா அரசாங்கம் காலேஜ் வைக்கும்?

வாத்தியார்: டாஸ்மாக்கும் அரசாங்கம்தான் நடத்துது. அதுலயாவது தண்ணி கலந்தா ஜனங்க சண்டைக்கு வருவாங்க.

கார்டு: சர் சி.வி. ராமன் எங்க உக்காந்து நோபல் பரிசு வாங்கற ஆராய்ச்சி பண்ணினார்? கல்கத்தாவுல, மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஆரம்பிச்ச சங்கத்துல. அந்த சர்க்கார் யாரு? முதல்ல அலோபதி எம்.டி., அப்புறம் 1867-ல் ஹோமியோபதிக்கு வந்தவர். வந்த பாவத்துக்கு மத்த டாக்டர்கள் அவரைத் தள்ளி வச்சாங்க.

வாத்தியார்: ராமன் அங்க ஒளியைத்தான் ஆராய்ஞ்சார், உருண்டையை இல்ல. சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், வேதியியல்ல நோபல் வாங்கினவர், 2016-ல் சண்டிகர் வந்தப்ப ஜோசியத்தையும் ஹோமியோபதியையும் ஒரே தட்டுல வச்சுத் தள்ளிட்டுப் போனார்.

கார்டு: உங்களுக்கு ஒரு நோபல், எங்களுக்கு ஒரு நோபல். சரியாப் போச்சு. அது கெடக்கட்டும், உங்க தலைவலி எப்படி இருக்கு?

வாத்தியார்: வெயில்ல போனா வருது.

கார்டு: சாப்பாட்டுல உப்பு தூக்கலா வேணுமா?

வாத்தியார்: ஆமா.

கார்டு: யாராவது ஆறுதல் சொன்னா எரிச்சல் வருமோ?

வாத்தியார்: நீங்க சொன்னா வருது.

கார்டு: நேட்ரம் மூர்! புஸ்தகத்துல உங்க போட்டோ போடாத குறைதான்.

வாத்தியார்: நேட்ரம் மூர்னா சாம்பார்ல போடற சோத்துப்பு. நான் தினம் தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்? இந்த உப்புக்கே ஒரு பரீட்சை வச்சிருக்காங்க, தெரியுமா? 1835, ஜெர்மனியில நியூரம்பர்க். ஊர்க்காரங்களை ஒரு மதுக்கடைக்குக் கூப்பிட்டு, 100 குப்பி எடுத்தாங்க. பாதியில வெறும் பனித்தண்ணி, பாதியில உங்க 30 வீரியத்து உப்பு. குடுக்கிறவருக்கும் எது எதுன்னு தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. முடிவு சொன்ன 50 பேர்ல 42 பேருக்கு ஒண்ணுமே தெரியலை. மிச்சம் 8 பேர்ல 5 பேர் உப்பு சாப்பிட்டவங்க, 3 பேர் வெறும் பனித்தண்ணி.

கார்டு: அஞ்சு பெருசா, மூணு பெருசா?

வாத்தியார்: (நெற்றியைப் பிடித்துக்கொண்டு) இப்ப தலை வலிக்குது.

கார்டு: வெயிலே இல்லாம வருதா? அப்ப மருந்தை மாத்தணும். பரீட்சைன்னா நானும் ஒண்ணு சொல்றேன். 1854, லண்டன்ல காலரா. ஹோமியோபதி ஆஸ்பத்திரியில நூத்துக்கு 16 பேர்தான் செத்தாங்க. மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில பாதிக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

வாத்தியார்: உண்மைதான்னு சொல்றேன்.

கார்டு: (சந்தேகத்துடன்) என்னது?

வாத்தியார்: உண்மை. அந்தக் காலத்து டாக்டர்கள் நரம்பை வெட்டி ரத்தத்தை எடுத்தாங்க, பாதரச மருந்தை ஊட்டினாங்க. வயித்தால போய்க் காஞ்சு கிடக்கறவன் உடம்புலேருந்து ரத்தத்தையும் எடுத்தா என்ன ஆவான்? ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோவுன்னு படுத்தார், 1799-ல். ஒரே நாள்ல லிட்டர் கணக்குல ரத்தம் எடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரியே போயிட்டார். உங்க ஆளுங்க சர்க்கரைத் தண்ணியைக் குடுத்து, படுக்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க. ஹானிமனுக்குச் சிலையே வைக்கலாம், சம்பந்தி. மருந்து கண்டுபிடிச்சதுக்கு இல்ல. மருந்து குடுக்காம இருந்ததுக்கு.

கார்டு: சிலை வைக்கிறதா ஒத்துக்கிட்டீங்க, அது போதும். இப்ப உங்க டாக்டர்கிட்ட வருவோம். போன மாசம் உங்களுக்குச் சளி. போனீங்க. டோக்கன் 47. உள்ள போனதும் என்ன கேட்டார்?

வாத்தியார்: எத்தனை நாளான்னு கேட்டார்.

கார்டு: நீங்க பதில் சொல்றதுக்குள்ள?

வாத்தியார்: ...எழுதிட்டார்.

கார்டு: முகத்தைப் பாத்தாரா?

வாத்தியார்: கம்ப்யூட்டரைப் பாத்தார்.

கார்டு: அப்ப நீங்க என்ன கேட்டீங்க? கூட வந்த உங்க மகன் சொன்னார். “ஒரு ஊசி போட்டு விட்டுருங்க சார்.” சளி வைரஸால வருது, வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்காதுன்னு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் குடுத்தது?

வாத்தியார்: ஊசி போட்டா சீக்கிரம்...

கார்டு: சீக்கிரம்? ஏழு நாள்ல போச்சு. என் உருண்டைக்கும் ஏழு நாள்தான். நான் ஒரு மணி நேரம் உக்கார வச்சு, எந்தப் பக்கம் படுப்பே, போர்வைக்கு வெளிய கால் நீட்டுவியா, இடி இடிச்சா பயப்படுவியான்னு கேக்கறேன். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அப்படிக் கேக்க வீட்டுல ஆள் இல்ல. எந்திரிச்சுப் போறப்பவே பாதி வலி போயிருது அவங்களுக்கு.

வாத்தியார்: அந்த ஒரு மணி நேரத்தைக் குடுங்க, பாட்டிலைப் பூட்டி வைங்கன்னுதான் நான் சொல்றேன்.

கார்டு: பாட்டில் இல்லாம எவன் வந்து உக்காருவான்?

(ஹோமியோபதி பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான வாக்குமூலம் இதுதான். கார்டு அதைச் சொன்னோம் என்றே அறியவில்லை.)

வாத்தியார்: சரி, உங்களுக்கு நெஞ்சு வலிச்சப்ப ஏன் அர்னிகா போடலை? பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வச்சுக்கிட்டு வந்தீங்களே?

கார்டு: அது அவசரம், சம்பந்தி.

வாத்தியார்: அப்ப அவசரமில்லாத நோய்க்குத்தான் உங்க மருந்து. அவசரமில்லாத நோய் தானாப் போயிரும். போகாததும் ஒண்ணு இருக்கு: அவசரமில்லாத மாதிரி உக்காந்திருக்கும். மாடி வீட்டம்மாவுக்கு பிரஷர் இருந்துச்சு. வலியா, காய்ச்சலா, ஒண்ணும் கிடையாது. உங்க உருண்டை இருக்கேன்னு மாத்திரையை நிறுத்திருச்சு. இப்ப இடது கை வரலை.

கார்டு: நான் நிறுத்தச் சொல்லலை.

வாத்தியார்: நிறுத்தாதேன்னும் சொல்லலை. எல்லாத்தையும் கேட்ட அந்த ஒரு மணி நேரத்துல, “மாத்திரை ஒழுங்காப் போடறியா”ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

(கார்டு மரப்பெட்டியை மூடப் போகிறார். ஒரு குழி காலியாக இருக்கிறது.)

மகள்: (உள்ளிருந்து) அப்பா! பாப்பா மருந்து பாட்டிலைத் தூக்கிட்டு வந்து பூராத்தையும் வாயில கொட்டிக்கிட்டா!

வாத்தியார்: (நாற்காலி பின்னால் சாய எழுந்து) ஐயோ, பாஷாணம்! ஆட்டோவைக் கூப்பிடுங்க! பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்!

கார்டு: உக்காருங்க, சம்பந்தி. ஒண்ணும் ஆகாது.

வாத்தியார்: பாட்டில் பூரா! ஆர்சனிக்!

கார்டு: பத்து பாட்டில் தின்னாலும் ஒண்ணும் ஆகாது. அதுல என்ன இருக்கு? வெறும் சர்க்கரை.

வாத்தியார்: (ஆட்டோவை மறந்து, மெதுவாகத் திரும்பி) இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?

கார்டு: தர்றேன். அதுக்குக் கீழயே நீங்களும் எழுதுங்க: “பாஷாணம்னு ஆட்டோ கூப்பிட்டேன்.”